மூன்று பிரதிகளும் ஒரே தாம்பாளத்தில்

போடிநாயக்கனூரில் முதல் அதிர்ச்சி எனக்கு மூக்கு வழியாக வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஊர் முழுக்க யாரோ பாயசம் காய்ச்சுவது போல ஏலக்காய் வாசனை. சாக்கடை ஓரத்தில் நின்றாலும் அதே வாசனைதான். சிங்கப்பூரில் என் அம்மா ஒரு பழைய மருந்துப் புட்டியில் ஏலக்காயைப் போட்டு வைத்து, பண்டிகைக்கு மட்டும் திறப்பார். இங்கே ஒருவர் ஏலக்காய் மூட்டை மேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எண்பதுகளின் பின்பாதி அது. தொழிற்சாலைகளில் ஓடும் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் ஒரு சிங்கப்பூர்க் கம்பெனியில் எனக்கு வேலை. அந்தக் கம்ப்யூட்டர்களுக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்று உண்டு. அது வீடு மாதிரி. மற்ற நிரல்களெல்லாம் அதில் குடித்தனம் இருக்கின்றன. பழைய வீட்டை இடித்துப் புதியதைக் கட்டும்போது குடித்தனக்காரர்களை எங்கே இறக்கி வைப்பது, எந்த நாளில் இறக்குவது, எப்படித் திரும்ப ஏற்றுவது என்று திட்டம் போடுவதுதான் என் தொழில். ரப்பர் ஆலை, சோப்பு ஆலை, கப்பல் பட்டறை என்று பல இடங்களில் செய்திருக்கிறேன். எங்கும் ஒரு மணி நேரம்கூடத் தவறியதில்லை. அந்தத் திமிரும் எனக்கு இருந்தது.

போடிக்கு மேலே, எல்லையைத் தாண்டிய ஏலமலையில், ரெங்கசாமி என்பவருக்கு ஒரு எஸ்டேட். அவர் சிங்கப்பூருக்குப் பொருட்காட்சி பார்க்க வந்த இடத்தில் எங்கள் கம்ப்யூட்டர் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிப் போனவர். பச்சை ஏலக்காயைக் காயவைக்கும் கட்டடத்தை இங்கே ஸ்டோர் என்கிறார்கள். அதில் நான்கு அறைகள். வெளியே விறகு எரியும். குழாய் வழியாகச் சூடு உள்ளே போகும். சூடு வேகமாக ஏறினால் காய் வெடித்துவிடும், மெதுவாக ஏறினால் மஞ்சளாகிவிடும். அறைக்குள் சூடு எவ்வளவு என்று பார்த்து விசிறியைக் கூட்டிக் குறைப்பதுதான் கம்ப்யூட்டரின் வேலை.

இரண்டு நாள் இயந்திரத்தை நிறுத்தவேண்டும், எப்போது முடியும் என்று மூன்று மாதமாகக் கடிதம் எழுதிக் கேட்டேன். சீசனில் ஒரு நாள்கூட முடியாது என்றே பதில் வந்தது. கடைசியாக ஒரு கடிதத்தில், "ஆயுத பூஜை அன்று மட்டும் எங்கள் எஸ்டேட்டில் எந்த மெசினும் ஓடாது, முந்தின நாளே ஸ்டோரைக் காலி செய்துவிடுவோம்" என்று எழுதியிருந்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்ததென்று நினைத்தேன். அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டேன்.

போடியில் அன்று மதியம் பரோட்டா சாப்பிட்டேன். எங்கள் ஊரில் பராட்டாவை முழுசாகத் தட்டில் வைத்து, தொட்டுக்கொள்ளக் குழம்பைத் தனியாகத் தருவார்கள். இங்கே கடைக்காரர் என்னைக் கேட்காமலே அதைப் பிய்த்துப் போட்டுச் சால்னாவில் மூழ்கடித்துவிட்டார். திகைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, "ஊற விட்டுறாதீங்க அண்ணே, வெரசா சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். பிறகு இன்னும் இரண்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

மலை ஏற்றிப்போக எஸ்டேட்டிலிருந்து ஜீப் வந்தது. ஓட்டுநர் அந்தோணி. எல்லைப்பக்கத்து ஆள், தமிழும் மலையாளமும் அவர் வாயில் ஒரே பாஷை. வண்டிக்குள் எனக்கு முன்பே காய் எடுக்கும் பெண்கள் ஏறியிருந்தார்கள். நான் எண்ணினேன், பத்தொன்பது பேர். எனக்கு இடமில்லை என்றேன். "உண்டு சாரே, ஒண்ணும் குழப்பமில்ல" என்று அந்தோணி தன் இருக்கையிலேயே பாதியை எனக்குக் கொடுத்தார். மீதிப் பாதியில் உட்கார்ந்துதான் அவர் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்பினார். வளைவுகளை எண்ணத் தொடங்கி ஒன்பதில் கண்ணை மூடிக்கொண்டேன்.

பின்னால் இரண்டு பெண்கள் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பாக்க சிங்கப்பூருலருந்து வந்திருக்காராம்."

"அதுக்கு என்ன சீக்கு?"

"சீக்கெல்லாம் இல்லையாம். வயசாயிருச்சாம்."

"வயசானதுக்கு வைத்தியமா? அப்ப என் மாமியாளையும் காட்டணும்."

மேலே போகப்போக மழை பிடித்தது. ஓரிடத்தில் ரோட்டின் குறுக்கே ஓடை இறங்கி ஓடியது. நடுவில் போய் ஜீப் நின்றுவிட்டது. பெண்கள் பழக்கப்பட்டவர்கள் போலச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். நானும் இறங்கினேன். மறுபடி ஏறியபோது என் கணுக்காலில் இரண்டு அட்டைகள், மேல்கூரையில் கட்டியிருந்த என் துணிப்பை தண்ணீர் சொட்டச் சொட்ட. என் ஆயுதப் பெட்டி, அதாவது திருப்புளியும் குறடும் வைக்கும் தகரப்பெட்டி, அது மட்டும்தான் நனையவில்லை. இந்தத் தகரப்பெட்டியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் பங்கு வினை அதிலிருந்துதான் வந்தது.

மறுநாள், ஆயுத பூஜைக்கு முந்தின நாள், காலையில் ஸ்டோருக்குப் போனேன். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் ஆண் என்று ஏனோ நான் நினைத்திருந்தேன். பாண்டியம்மாள் என்று ஒரு பெண் எழுந்து வணக்கம் சொன்னார். ராசிங்காபுரத்துக்காரர், இருபத்து மூன்று வயது இருக்கும், டைப்ரைட்டிங் முடித்தவர். நாங்கள் அனுப்பிய ஆங்கிலக் கையேட்டை முழுக்க ஒரு நோட்டில் தமிழில் எழுதி வைத்திருந்தார். "பயப்படாதே, இது எச்சரிக்கைதான்" என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருந்தது. எங்கள் கையேட்டில் அப்படி ஒரு வரி கிடையாது.

கட்டன் சாயா வந்தது. ஏலக்காய் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "நாள் பூரா அதுலயே முங்கிக் கெடக்கோம் சார். டீயிலயுமா?" என்றார் பாண்டியம்மாள்.

கூடவே மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சட்டினியும் வந்தன. விரல்நுனி அளவு மிளகாய்தானே என்று அள்ளிப் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னால் வேலை பற்றிப் பேச முடியவில்லை. அந்த இடைவெளியில் பாண்டியம்மாள் தன் கதையைச் சொன்னார்.

போன சீசனில் இயந்திரம் இரண்டு தடவை நின்றுபோய் ஒரு அறைக்காய் முழுக்க மஞ்சளாகிவிட்டது. பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இருந்த கோளாறு அது, எனக்குத் தெரியும். ஆனால் முதலாளிக்கு இயந்திரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டது.

"இந்தத் தடவையும் சரியா வரலைன்னா மெசினைத் திருப்பி அனுப்பிருவேன்னு சொல்லிட்டாரு சார். மெசின் போனா எனக்கு இங்க என்ன சோலி? கீழ போகவேண்டியதுதான். தேவாரம்னு ஒரு ஊரு, அங்க மாமா மகன் இருக்காரு, எங்க அய்யா உடனே கட்டி வச்சிருவாரு."

"அவர் நல்லவர் இல்லையா?"

"நல்லவருதான் சார். ஆனா அங்க பத்து மாடு இருக்கு. கம்ப்யூட்டர் இல்ல."

எனக்குச் சுரீர் என்றது. ரப்பர் ஆலையிலும் சோப்பு ஆலையிலும் என் திட்டம் தவறினால் ஒரு ஷிப்ட் போகும், அவ்வளவுதான். இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த மேசையில் இருந்தது. நாளை மறுநாள், விஜயதசமி மாலை, முதல் லோடு பச்சைக்காய் வரும். அதற்குள் இயந்திரம் ஓடவேண்டும்.

வேலையைத் தொடங்கினோம். நான்கு அறைகளுக்கும் எந்த நேரத்தில் எவ்வளவு சூடு என்ற விவரம் அந்த இயந்திரத்துக்குள் மட்டும்தான் இருந்தது. இரண்டு வருடம் பார்த்துப் பார்த்து பாண்டியம்மாள் சரிசெய்து ஏற்றியது. அறைக்கு ஒன்றாக நான்கு கோப்புகள். அவற்றை பிளாப்பி தட்டுகளில் மூன்று பிரதி எடுத்தோம். மூன்றும் மூன்று இடத்தில் இருக்கவேண்டும் என்பது என் தொழிலின் முதல் விதி. ஒன்று தீப்பிடித்தால் ஒன்று, ஒன்று திருடுபோனால் ஒன்று. முதல் பிரதி பாண்டியம்மாள் மேசையில். இரண்டாவது அந்தோணியிடம் கொடுத்து, போடியில் முதலாளி வீட்டு இரும்புப் பெட்டிக்கு அனுப்பினோம். மூன்றாவது என்னிடம். என் துணிப்பை இன்னும் ஈரமாக இருந்ததால் அதைத் தகரப்பெட்டியில் வைத்தேன்.

பிறகு பழைய சிஸ்டத்தை அழித்துப் புதியதை ஏற்றினேன். மின்சாரம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் முடிய மாலையாகிவிட்டது. வீடு கட்டியாயிற்று, குடித்தனக்காரர்களை ஏற்றவேண்டியதுதான் பாக்கி. நாளைக் காலை அரைமணி நேரத்தில் ஏற்றிவிடலாம் என்றேன்.

"நாளைக்கா?" என்று பாண்டியம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் அர்த்தம் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"சரி சார். ஆயுதமெல்லாம் கழுவி வைக்கணும். ஒங்களுதையும் கொண்டாங்க, சாமிகிட்ட சேத்து வச்சிருவோம்."

வெளியூர்க்காரனின் திருப்புளிக்கும் பூஜையில் இடம் உண்டு என்பது எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது. தகரப்பெட்டியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலை குளித்துவிட்டு ஸ்டோருக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டேன். இயந்திரத்தின் இருபுறமும் வாழைக்கன்று. திரையில் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். விசைப்பலகை மேல் செவ்வந்தி மாலை. காய் எடை போடும் தராசு, மருந்து அடிக்கும் பம்பு, கவாத்துக் கத்தி, கத்தரிக்கோல், அந்தோணியின் ஜீப் எல்லாம் பொட்டும் பூவுமாக இருந்தன. நான் மாலையை நகர்த்தி சுவிட்சில் கை வைக்கப் போனேன்.

"சார், இன்னைக்குத் தொடக்கூடாது" என்றார் பாண்டியம்மாள்.

"இந்த நாளுக்காகத்தானே மூன்று மாதம் கடிதம் எழுதினேன்? இன்றைக்கு எந்த மெசினும் ஓடாது என்றுதானே உங்கள் முதலாளி எழுதினார்?"

"ஆமா சார். லீவு மெசினுக்கு. லீவு நாள்ல போயி எழுப்புனா எப்படி?"

உலகத்தில் இருக்கும் முந்நூற்று அறுபத்தைந்து நாளில் இயந்திரத்தைத் தொடக்கூடாத ஒரே நாளை, தேடித்தேடி, சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தவன் நான். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்தால் நாங்கள் மகிழ்ச்சியோடு உள்ளே போவோம். மூடியிருப்பது என்றால் எனக்குக் காலியாக இருப்பது. இவர்களுக்கு அது தூங்குவது. கோபம் தலைக்கேறியது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன். முப்பத்தாறு வயதில் செய்யக்கூடிய காரியம் இல்லை அது. அன்று அதனால்தான் எல்லாம் கெட்டது.

பூசணிக்காய் உடைக்கும் சத்தம் கேட்டுத்தான் எழுந்து போனேன். ரெங்கசாமி போடியிலிருந்து வந்திருந்தார். பட்டு வேட்டி, மார்பெல்லாம் சந்தனம். கற்பூரம் காட்டி முடித்திருந்தார். "வாங்க தம்பி, சுண்டல் எடுத்துக்கங்க" என்றார். கை நீட்டினேன். அப்போதுதான் சாமி படத்துக்கு முன்னால் இருந்த பெரிய பித்தளைத் தாம்பாளத்தைப் பார்த்தேன்.

கறுப்பாக மூன்று பிளாப்பி தட்டுகள் வரிசையாக இருந்தன.

சுண்டல் கையிலிருந்து கொட்டியது. மேசையில் இருந்த பிரதி ஒன்று. என் தகரப்பெட்டியைக் கழுவத் திறந்தபோது கிடைத்த பிரதி ஒன்று. மூன்றாவது? "இரும்புப் பெட்டியில கெடந்துச்சு. அதுவும் ஸ்டோர்ச் சாமான்தான, அதை மட்டும் விட்டா நல்லாருக்காதேன்னு எடுத்தாந்தேன்" என்றார் ரெங்கசாமி. நான் கொண்டுவந்த புதிய வெற்றுத் தட்டுகள் மட்டும் பெட்டியோடு மேசையில் அப்படியே இருந்தன. அவை இன்னும் இந்த ஸ்டோரில் ஒரு வேலையும் செய்யவில்லையாம். அதனால் ஆயுதக் கணக்கில் வரவில்லை.

தீக்கும் திருட்டுக்கும் தப்பிக்க மூன்று இடங்களில் பிரித்து வைத்ததை ஒரு பண்டிகை ஒரே தாம்பாளத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மாதிரித் தட்டின் உறையில் நீளவாக்கில் ஒரு ஜன்னல் இருக்கும். இயந்திரம் அந்த வழியாகத்தான் தட்டைத் தொட்டுப் படிக்கும். மனிதக் கைரேகைகூட அதில் படக்கூடாது. மூன்று ஜன்னலிலும் கட்டைவிரல் கனத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது.

"பொட்டு வைக்கத்தான் எடம் விட்டிருக்கான்னு நெனச்சேன்" என்றார் ரெங்கசாமி. அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

விவரத்தைச் சொன்னேன். இயந்திரத்துக்குள் இப்போது ஒன்றுமில்லை, இருந்ததெல்லாம் இந்த மூன்றில்தான் இருக்கிறது என்றேன். அவர் முகம் மாறியது. திரும்பிப் பாண்டியம்மாளைப் பார்த்தார்.

"ஏன் ஆத்தா, படிச்ச பிள்ள, நீ சொல்லக்கூடாதா? நாளைக்குச் சாயங்காலம் லோடு வரும். அதுக்குள்ள மெசின் ஓடலைன்னா தம்பிகூடயே ஜீப்புல ஏத்தி விட்டுருவேன். நீயும் ஊரப் பாத்துக் கெளம்பு."

பாண்டியம்மாள் குனிந்து, நான் கொட்டிய சுண்டலை அள்ளினார். அந்தோணிதான் பிறகு என் காதருகே சொன்னார்: "சாரே, அந்தக் குட்டி சொன்னதாணு. பேப்பர்க் கவரோட வச்சதாணு. முதலாளிதான், மழைக்கோட்டு போட்டுக்கிட்டு யாராச்சும் சாமி கும்பிடுவாங்களான்னு உருவிட்டாரு."

சந்தனத்தைத் துடைக்கத் தட்டுகளைக் கேட்டேன். அவையும் கத்தரிக்கோலைப் போலப் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. நாளைக் காலை மறுபூஜை போடும்வரை எடுக்க முடியாது. சந்தனமோ மணிக்கு மணி காய்ந்துகொண்டிருந்தது. காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும். நான் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அந்தத் தாம்பாளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போது பாண்டியம்மாள் ஒரு வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூன்று தட்டின் மேலும் போர்த்தினார். "ஈரத்துணி போட்டு மூடுறது சோலி இல்ல சார். சாமிக்கும் கோவம் வராது, சந்தனமும் காயாது" என்றார். சாயங்காலம்வரை மூன்று முறை அந்தத் துணியை நனைத்துப் போட்டார். என் மூளைக்கு எட்டாதது அது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"அண்ணே" என்று அன்று மாலைதான் முதல் தடவையாக அழைத்தார். "இது உள்ள இருக்கிறது கேசட்டு டேப்பு மாதிரிதான?"

"ஒரே சரக்குதான். ஆனால் வட்டம்."

"போடியில எங்க அண்ணன் கேசட்டுக் கடை வச்சிருக்கு. தண்ணியில விழுந்த கேசட்டை ஒடைச்சு, டேப்பைக் கழுவி, நெழல்ல காயப் போட்டு வேற கூட்டுல மாட்டித் தரும். பாட்டு வரும்ணே. ஒரு தடவையாவது வரும்."

கம்பெனிக் கையேட்டில் முதல் பக்கத்தில், எந்த நிலையிலும் உறையைத் திறக்காதே என்று தடித்த எழுத்தில் இருக்கும். அதைப் பத்து வருடமாகப் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருப்பவன் நான். கேட்டதும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

விஜயதசமி அன்று விடிந்ததும் மறுபூஜை. தீபாராதனை முடிந்த கையோடு அந்தோணி கத்தரிக்கோலை எடுத்துவந்தார். ஜீப் பேட்டரிக்கு ஊற்ற வைத்திருந்த சுத்தத் தண்ணீர் கேனையும் கொண்டுவந்தார். நான் உறையின் மேல்விளிம்பை வெட்டினேன். பாண்டியம்மாள் உள்ளே இருந்த பழுப்பு வட்டத்தை ஓரம் மட்டும் பிடித்து வெளியே எடுத்தார். கழுவும் வேலையையும் அவரிடமே விட்டேன். தேய்க்கவில்லை, ஊற்றி ஊற்றியே கரைத்தார். குங்குமச் சிவப்பு தண்ணீரோடு ஓடியது. காய் ஆறப்போடும் அறையில் நூல் கட்டி, துணிக் கிளிப்பில் மூன்றையும் காயப் போட்டோம். மதியம் ஆகிவிட்டது. நாங்கள் யாரும் சாப்பிடவில்லை.

புதிய வெற்றுத் தட்டுகளின் உறையை வெட்டி, உள்ளே இருந்த வட்டத்தை உருவிவிட்டு, அவற்றுக்குள் கழுவினதைச் செருகினோம். முதலாவதை இயந்திரத்தில் போட்டேன். கரகரவென்று சத்தம். முதல் அறையின் கோப்பு வந்தது. மூன்றாவது அறையின் கோப்பும் வந்தது. பிறகு நின்றுவிட்டது. எத்தனை தடவை போட்டாலும் வேறொன்றும் வரவில்லை.

இரண்டாவது தட்டு, இரும்புப் பெட்டியிலிருந்து வந்தது. அதில் இரண்டாம் அறை மட்டும் கிடைத்தது. சந்தனத்தில் இருந்த பொடிக்கல் ஒன்று தட்டைச் சுற்றிலும் கீறியிருந்தது.

மூன்றாவது என்னுடையது. சந்தனம் அதில்தான் அதிகம். விருந்தாளியின் ஆயுதம் என்று ரெங்கசாமி தாராளமாக வைத்திருந்தார். முதல் தடவை ஒன்றும் வரவில்லை. எடுத்து ஊதிப் போட்டேன், வரவில்லை. கீழே வளைவில் ஜீப்புகளின் ஹாரன் கேட்டது. ரெங்கசாமி வாசலில் வந்து நின்றார். பாண்டியம்மாள் தட்டை வாங்கி, நடு ஓட்டையில் விரல் கொடுத்து, உள்ளே இருந்த வட்டத்தைக் கால்பங்கு திருப்பி மறுபடி போட்டார். கரகரவென்ற சத்தம் நீண்டுகொண்டே போனது. திரையில் நான்காம் அறையின் பெயர் தெரிந்தது. நான் மூச்சு விட்டேன். பாண்டியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மூட்டைகள் இறங்கத் தொடங்கியபோது நான்கு விசிறியும் ஓடிக்கொண்டிருந்தன. மறுநாள் மாலை அறையைத் திறந்தபோது காய் கிளிப்பச்சையாக இருந்தது. ரெங்கசாமி ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, "சாமி காப்பாத்திருச்சு" என்றார். கழுவினது சாமி இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பாண்டியம்மாள் கண்ணால் வேண்டாம் என்றார்.

கிளம்பும் முன் நான் ஒரு படிவம் நிரப்பவேண்டும். அதில், தவறு நேர்ந்திருந்தால் அதற்குப் பொறுப்பானவர் யார் என்று ஒரு கட்டம். அங்கே இயக்குபவர் என்று எழுதினால், ஆளை மாற்றினால்தான் இனிப் பராமரிப்போம் என்று கம்பெனி கடிதம் போடும். ரெங்கசாமிக்கும் அது தெரிந்திருந்தது. "என் பேரைப் போட்றாதீங்க தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பாண்டியம்மாள் எதிரே நின்றார்.

"உள்ளத எழுதுங்கண்ணே. நான் வெலகிக்கிறேன்" என்றார்.

உள்ளதை எழுதினேன். 'திட்டம் வகுத்தவர். பண்டிகையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் நாள் குறித்தார். தன்னிடம் இருந்த பிரதியைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார்.' கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாண்டியம்மாள் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார். வழியில் சாப்பிட மரவள்ளிக்கிழங்கு கட்டித் தந்தார், காந்தாரி மிளகாய் இல்லாமல். சிங்கப்பூரில் என் மேலதிகாரி அந்தப் படிவத்தை இரண்டு முறை படித்தார். அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வு இல்லை.

அடுத்த வருடம் அதே சிஸ்டத்துக்குச் சிறிய மாற்றம் ஒன்று வந்தது. தட்டுகளை முன்கூட்டியே எஸ்டேட்டுக்கு அனுப்பிவைத்தேன். இந்தத் தடவை ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் தள்ளி நாள் குறித்து, விடுப்பு சொல்லி, பெட்டியும் கட்டிவிட்டேன். துணிகளை பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். அப்போது பாண்டியம்மாளின் கடிதம் வந்தது.

"அண்ணனுக்கு வணக்கம். நீங்கள் வர வேண்டியதில்லை. போன வாரம் நல்ல மழை, காய் எடுக்க ஆள் வரவில்லை, ஸ்டோர் காலி. இது எல்லா வருசமும் வருகிற மழைதான், திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. அந்த ரெண்டு நாளில் நானே புதுசை ஏற்றிவிட்டேன், நாலு அறையும் ஓடுகிறது. இப்போது நாலு பிரதி வைத்திருக்கிறேன். நாலாவது அந்தோணி அண்ணன் வீட்டில், அவர்கள் ஆயுத பூஜை கும்பிடுவதில்லை. சாமிக்கு வெற்றுத் தட்டு ஒன்று வைத்தோம், முதலாளி நிறையச் சந்தனம் பூசினார். தை மாதம் எனக்குக் கல்யாணம், தேவாரத்து மாமா மகன்தான். ஆனால் நான் அங்கே போகவில்லை, அவர்தான் இங்கே வருகிறார். விறகு பார்க்கும் வேலைக்கு முதலாளி எடுத்துக்கொண்டார். எந்த அறைக்கு எவ்வளவு சூடு என்று நான் சொல்வேன், அவர் எரிப்பார்."

படித்து முடித்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் பையிலிருந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கும்போது, அந்த மலைக்கு இனி நான் தேவையில்லை என்பது வருத்தமாகவும் இருந்தது.